வெள்ளையாக விட்ட இடம்

கணினித் திரையில் பலாப்பழத்தைக் குறுக்கே வெட்டிவைத்தது போல ஓர் உருவம். ஒரு பக்கம் முழுக்கப் புள்ளிகள், நெருக்கமாக, முள் முள்ளாக. மறுபக்கம் வெறும் வெள்ளை. மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த வெள்ளையை விரலால் தொட்டார். "இது பாறையா, பள்ளமா, இல்லை நமக்குத் தெரியலையா?" என்று கேட்டார். "தெரியலை மேடம்" என்றேன். "அப்போ தெரியலைன்னே எழுது" என்றார். எங்கள் அலுவலகத்தில் நான் சேர்ந்த புதிது அது. அதற்குப் பிறகு எத்தனையோ படங்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் அவரை நினைத்தால் முதலில் அந்த வெள்ளையும் அதன்மேல் இருந்த விரலும்தான் வருகின்றன.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே இரும்பைக் கடையும் சத்தம் ஏறி வந்து மேஜையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, எங்கோ நானூறு ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற பாறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது எங்கள் தொழில். விளக்கமாகச் சொன்னால் இப்படி: அந்தக் காலத்தில் பூமிக்கடியில் குகை குகையாகக் குடைந்து தாது எடுத்த சுரங்கங்கள் உண்டு. அவற்றை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பல வருஷம் கழித்து வேறொரு கம்பெனி வந்து, அதே இடத்தை மேலிருந்து திறந்து, படிப்படியாக வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். இறங்க இறங்க, மேலே ஓடுகிற வண்டிக்கும் கீழே இருக்கிற பழைய குகைக்கும் நடுவில் உள்ள பாறை மெலிந்துகொண்டே வரும். எவ்வளவு மெலிந்திருக்கிறது, எந்த இடத்தில் தாங்கும், எந்த இடத்தில் தாங்காது என்று சொல்ல வேண்டும். துளை போட்டு, அதன் வழியாகச் சுற்றிச் சுற்றி அளக்கிற லேசர் கருவியை இறக்குவோம். பாறை அசைந்தால் தெரிவிக்கிற கம்பிகளைப் புதைப்போம். வந்து சேருகிற எண்களை வைத்துப் படம் வரைவோம். தாங்காத இடம் சிவப்பு. தாங்குகிற இடம் பச்சை. தெரியாத இடம் வெள்ளை.

மேடம் மயிலாப்பூர்க்காரர். குளத்துக்குப் பின்புறத் தெருவில், வாசலில் இரண்டு ஸ்கூட்டர் நிறுத்தினால் நடக்க வழியில்லாத ஒரு வீட்டில் அண்ணனோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் வந்ததில்லை. பேச்சில் அந்த வீட்டுத் தமிழ் அப்படியே இருக்கும். வாடிக்கையாளர்களோடு ஆங்கிலத்தில் பேசும்போதுகூட, கோபம் வந்தால் "என்ன சொல்லிண்டிருக்கேள்" என்று ஆரம்பித்துவிடுவார். அவரிடம் மற்றவர்களுக்குப் பிடிக்காத ஒரு குணம், தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. எங்கள் முதலாளி அடிக்கடி நொந்துகொள்வார்: "தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு மேடம் அவங்க நம்மகிட்ட வரணும்?"

அண்டை மாநிலத்துத் தாமிரச் சுரங்கம் ஒன்று எங்களிடம் வந்தது. அங்கே கீழே இருந்த பழைய குகைகளுக்கு வரைபடம் இருந்தது; ஆனால் வரைபடத்தில் குகை இருந்த இடத்தில் பாறை இருந்தது, பாறை இருந்த இடத்தில் துளைக்கருவி சட்டென்று காற்றுக்குள் இறங்கியது. அன்றைக்கு எடுத்த படம்தான் அந்தப் பலாப்பழம். லேசரால் பார்த்த பக்கம் பெரிய குகை என்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு தூணுக்குப் பின்னால் அதன் வெளிச்சம் போகவில்லை. அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை. மேடம் குகைக்கு மேலே இருந்த நிலத்தைச் சிவப்பாக்கி, அங்கே நிற்கிற பொக்லைன் இயந்திரத்தை உடனே அப்புறப்படுத்தச் சொன்னார்.

சுரங்க மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். தமிழர்தான், மரியாதையானவர். "சிவப்பு புரியுது மேடம். மிஷினை எடுத்துடறேன். ஆனா எங்க கொண்டுபோய் வைக்கிறது? இந்த வெள்ளைன்னா என்ன? நான் அங்க நிறுத்தலாமா, கூடாதா? எனக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. நூற்றுக்கணக்கான ஆட்கள் வேலைசெய்கிற இடம். "பார்த்துச் சொல்றேன்" என்ற மேடம், வெள்ளைப் பகுதியில் மூன்று துளை போடச் சொன்னார். மூன்றிலும் கெட்டிப் பாறை. வெளியே எடுத்த பாறைத் துண்டுகளை அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விரிசல் இல்லை, நீர் ஊறிய கறை இல்லை. இந்தத் தொழிலில் யாராக இருந்தாலும் அதற்குமேல் கேட்டிருக்க மாட்டார்கள். மேடம் வெள்ளையைப் பச்சை ஆக்கினார். பொக்லைன் பச்சைக்கு நகர்ந்தது. நாங்கள் கருவிகளையெல்லாம் சிவப்பில் புதைத்துவிட்டு, அங்கே பாறை எப்போது முனகப்போகிறது என்று காது கொடுத்து உட்கார்ந்திருந்தோம்.

சிவப்பு விழவில்லை. பச்சை விழுந்தது.

ஒரு முற்பகலில், நல்ல வெயிலில், பொக்லைன் நின்றிருந்த தரை அப்படியே உள்ளே போய்விட்டது. மூன்று துளைகளுக்கும் நடுவே, மூன்றுக்கும் அகப்படாமல் ஒரு குகை இருந்திருக்கிறது. செய்தி வந்தபோது மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். "எந்த இடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். பதில் இரண்டாம் தடவையும் மாறவில்லை. டப்பாவை மூடினார். கைகழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இயந்திரத்தின் கூண்டு உறுதியானது. அதனால் ஓட்டியவர் உயிரோடு இருந்தார். கயிறு இறக்கி மேலே தூக்கினார்கள். ஒரு கால் நசுங்கியிருந்தது. அவர் சென்னைக்காரர் என்று அப்புறம்தான் தெரிந்தது. அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, ஆற்றோரத்தைக் காலி செய்தபோது குடும்பத்தோடு ஊருக்கு வெளியே அடுக்கு வீடுகளுக்குப் போனவர். ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் அந்தச் சுரங்கத்துக்கு வேலைக்குச் சென்றிருந்தார். மேல் சிகிச்சைக்காக அவரைச் சென்னை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள்.

விசாரணை நடந்தது. யார் மீதும் தவறு இல்லை என்று முடிந்தது. அதைவிட விசித்திரம், சுரங்கத்தில் பரவிய பேச்சு. இயந்திரத்தை நகர்த்தச் சொல்லி யாரோ ஒரு மேடம் எச்சரித்தது எல்லோருக்கும் தெரியும். எங்கிருந்து எங்கே என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஆகவே மெட்ராஸ் மேடம் முன்கூட்டியே சொன்னார், கம்பெனிக்காரர்கள்தான் கேட்கவில்லை என்று கதை ஆகிவிட்டது. எங்கள் முதலாளிக்கு அந்தக் கதையில் ஆட்சேபம் இல்லை.

மேடம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். துணைக்கு நான் போனேன். பெரிய அடுக்கு டப்பாவில் இட்லியும் பருப்புத் துவையலும் எடுத்துவந்திருந்தார். பொக்லைன்காரர் காலைத் தூக்கிக் கட்டிவைத்தபடி படுத்திருந்தார். அவர் மனைவி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பெசன்ட் நகரில் இரண்டு வீடுகளில் வேலைசெய்கிறவள். வேலை முடித்து நேரே வந்திருந்தாள். "குந்துங்கம்மா" என்றாள்.

"நீங்கதானா மேடம் அது" என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது. "சைட்ல எல்லாரும் சொன்னாங்கோ. நீங்க மின்னாடியே சொல்லிக்கினு இருந்தீங்களாமே. நீங்க மட்டும் சொல்லலேன்னா இன்னும் எத்தினி வண்டி உள்ள போயிருக்குமோ."

அவர் மனைவி மேடத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மேடம் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அப்படியே நின்றபடிதான் சொன்னார்.

"இல்லைப்பா. நான் சொன்னது வேற இடம். அங்கேர்ந்து உன் மிஷினை எடுத்து, நீ விழுந்த இடத்துல நிறுத்தச் சொன்னதே நான்தான். நல்ல இடம்னு எழுதிக் குடுத்தேன்."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்போ நான் மொதல்ல நின்னுக்கினு இருந்த எடம்?"

"அது விழலை."

"அங்கியே இருந்திருந்தா?"

"இன்னிவரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நாளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

அவர் மேலே சுற்றாமல் நின்றிருந்த மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னா மேடம் இது, ஒண்ணுமே புரியல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிக்கல் விழுந்த கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டது போல முழித்தார்.

"எனக்கும் புரியலைப்பா" என்றார் மேடம்.

மனைவிக்கு மட்டும் புரிந்துவிட்டது. பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். இன்னும் திறக்காத டப்பாவை எடுத்து மேடத்தின் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இத எடுத்துக்கினு போங்கம்மா" என்றாள். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது, ஏன் சொன்னீர்கள் என்று மேடத்தைக் கேட்டேன். சந்தோஷமாக இருந்தவர்களிடம், நம்மை யாரும் குறை சொல்லாதபோது, அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று எனக்குள் ஒரு எரிச்சல். "சொல்லாம எப்படி இட்லி குடுக்கறது?" என்றார். அது பதிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் மேடம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். மனைவி இருக்கிற நேரத்தைத் தவிர்க்கவில்லை. அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவாள். பொக்லைன்காரர் பழைய மாதிரியே பேசுவாராம். காலுக்குள் கம்பி வைத்தார்கள். தாங்கித் தாங்கி நடக்கத் தொடங்கினார். வீட்டுக்குப் போனார்கள். தொடர்பு அதோடு விட்டுப்போயிற்று.

சிவப்பு விழவே இல்லை. மாதாமாதம் அந்த இடத்து எண்கள் எனக்குத்தான் வரும். ஒரு மயிரிழை அசைவுகூட இல்லை. மேடம் ஒவ்வொரு தடவையும் என் பின்னால் வந்து நின்று பார்ப்பார். விழுந்திருந்தால் அவர் சொன்னதில் பாதியாவது சரி என்று ஆகியிருக்கும். ஆனால் ஒரு பாறை விழ வேண்டும் என்று எப்படி ஆசைப்படுவது? அவர் ஆசைப்பட்டாரா, விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டாரா, முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் சுரங்கக்காரர்கள் அந்தப் பகுதியையே கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிவிட்டார்கள். கம்பிகளும் அதற்குள் போயின. விழுந்திருக்குமா விழுந்திருக்காதா என்பதை இனி ஒருவராலும் சொல்ல முடியாது. அந்த வருஷமே மேடம் அறிக்கைகளில் கையெழுத்துப் போடுவதை நிறுத்திக்கொண்டார். வருவார், படங்களைப் பார்ப்பார், கேள்வி கேட்பார். பிறகு வருவதும் குறைந்து, நின்றுபோனது. மயிலாப்பூர் வீட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எப்போதாவது நான் போய்ப் பார்ப்பேன். காபி கொடுப்பார். சுரங்கத்தைப் பற்றி இருவரும் பேசமாட்டோம்.

ஒரு நாள் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "அவ கூப்பிட்டாப்பா" என்றார். எவள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பொக்லைன்காரர் மறுபடியும் இயந்திரத்தில் ஏறிவிட்டார். இந்தத் தடவை ஊருக்குள்ளேயே. தியாகராய நகரில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள். வண்டிகள் நிறுத்த நிலத்தடித் தளம் தோண்ட வேண்டும். வீட்டுக் கொல்லையில் முன்பு ஒரு பெரிய கிணறு இருந்ததாம். மேலே பலகைக்கல் போட்டு மூடி, மண் தள்ளி, அதன்மேல் எதையோ கட்டி, பிறகு அதையும் இடித்தாயிற்று. எங்கே என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. அவள் தொலைபேசியில் சொன்னதை மேடம் அப்படியே ஒப்பித்தார்: "அவரு எறங்கறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. கீழ இன்னா கீதுன்னு நீங்க வந்து பாருங்கம்மா. அன்னிக்கி ஆஸ்பத்திரில ஒளிக்காம சொன்னீங்க இல்ல, இன்னிக்கும் வந்து சொல்லுங்க."

அலுவலகத்தில் தரைக்கடியில் பார்க்கிற ரேடார் வண்டி ஒன்று இருந்தது. குழந்தையைத் தள்ளிப்போகிற வண்டி மாதிரி இருக்கும். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு எடுத்துப் போனேன். மேடம் எனக்கு முன்பே வந்து, துணிக்கடைப் பைகளோடு போகிற கூட்டத்துக்கு ஒதுங்கிச் சந்து முனையில் நின்றிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. தகரத் தடுப்புக்குள் பொக்லைன்காரர் ஓடிவராத குறையாகத் தாங்கித் தாங்கி வந்தார். "வாங்க மேடம், நல்லா கீறீங்களா?" என்றார். அவர் மனைவி சற்றுத் தள்ளிச் சிமென்ட் மூட்டைகள் பக்கத்தில் நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

எதிர்வீட்டுக்காரர், கிணறு தென்னைமரத்தடியில் என்றார். தென்னைமரம் எது என்று கேட்டால், அது போய் ரொம்ப நாள் ஆயிற்று என்றார். தெருவில் இஸ்திரி போடுகிறவர் குளியலறைக்குக் கீழே என்று அடித்துச் சொன்னார். நான் வண்டியைக் குறுக்கும் நெடுக்கும் தள்ளினேன். முந்தின வாரம் பெய்த மழையில் களிமண் ஊறிக் கிடந்தது. ஈரக் களியில் ரேடார் ஆழம் போகாது. திரை முழுக்க ஒரே சாம்பல். மேடம் கடப்பாரை வாங்கி அங்கங்கே குத்திப் பார்க்கச் சொன்னார். சில இடத்தில் பொதபொதவென்று இறங்கியது; இடித்த வீட்டின் செங்கல் தூளாகவும் இருக்கலாம், கிணற்றை மூடிய மண்ணாகவும் இருக்கலாம். நடுவே ஒரு பகுதியைக் காட்டி, "இருந்தா இங்க இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எனக்குத் தெரியலை" என்றார்.

சைட் இன்ஜினியர் சின்னப் பையன்; பாவம், அவனுக்கு மேலிருந்து நெருக்கடி. "தோண்டலாமா வேணாமா, ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்றான். இதே கேள்வியை இன்னொருவர் குரலில் கேட்டிருந்தோம்.

மேடம் அவனைத் தாண்டிப் போனார். பொக்லைன்காரரிடம்தான் பேசினார். இயந்திரத்தை ஓரத்திலேயே நிறுத்தி, கையை மட்டும் நீட்டி வெட்ட வேண்டும். வெட்டி அடி தெரிந்த இடத்துக்குத்தான் அடுத்து நகர வேண்டும் என்றார். அவர் தலையாட்டிவிட்டு ஏறினார். இயந்திரம் உறுமியது. அப்போது மேடம் நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு நடந்துபோய், தான் காட்டிய அதே பகுதியின் நடுவில் நின்றுகொண்டார். இன்ஜினியர் கத்தினான். நானும் கூப்பிட்டேன். பொக்லைன்காரர் இயந்திரத்தின் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கூண்டிலிருந்து எட்டிப்பார்த்தார். மேடம் அசையவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போகவில்லை என்பதுதான் உண்மை. போனது அந்தப் பெண்தான். சிமென்ட் மூட்டைகளைத் தாண்டி விடுவிடுவென்று நடந்து, மேடத்தின் கையை மணிக்கட்டில் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் விட்ட கை.

"இங்க இன்னாத்துக்கு நிக்கிறீங்க? நீங்களும் உள்ள வுழுந்துட்டா, அப்பால நாங்க யாரைக் கேக்கறது?"

அதட்டிச் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. இழுத்துக்கொண்டு வந்து தகரத் தடுப்பு ஓரத்தில் நிறுத்தினாள்; பிடித்த கையை விடவில்லை. இயந்திரம் வேலையைத் தொடங்கியது. இரண்டு பெண்களும் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிணறு அகப்படவில்லை. மேடம் காட்டிய இடத்திலும் இல்லை, தென்னைமரத்தடியிலும் இல்லை, குளியலறைக்குக் கீழும் இல்லை. பக்கத்து மனைக்குள் இருந்திருக்கலாம். அங்கே ஏற்கெனவே நான்கு மாடி நிற்கிறது.

பனகல் பூங்காப் பக்கம் நடந்து வரும்போது மேடம் சட்டென்று நின்றார். "யாரைக் கேக்கறதுன்னு சொன்னாளே, எந்தக் கேக்கறது அது? யோசனை கேக்கறதா, நியாயம் கேக்கறதா?" என்றார். நான் யோசித்தேன். இரண்டும் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அது சும்மா சமாதானத்துக்குச் சொல்வது போலப் பட்டது. "தெரியலை மேடம்" என்றேன். அவர் சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை; பஸ் வந்துவிட்டது.

இப்போதும் பொக்லைன்காரருக்குப் புது இடத்தில் வேலை கிடைத்தால் அவள் கூப்பிடுகிறாள். ஒருமுறை கே.கே. நகர், ஒருமுறை அடையாறு. மேடம் போகிறார். தெரிந்ததைச் சொல்கிறார், தெரியாததைத் தெரியாது என்கிறார், ஓரத்தில் நிற்கிறார். போன வாரம் மயிலாப்பூர் வீட்டுக்குப் போயிருந்தபோது நானே கேட்டுவிட்டேன்: "அன்னிக்கு எங்கிட்ட கேட்டீங்களே மேடம், எந்தக் கேக்கறதுன்னு, அதை அவகிட்டயே கேட்டீங்களா?"

மேடம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கேக்கலை" என்றார். "கேட்டா, கூப்பிடறதை நிறுத்திடுவாளோன்னு பயமா இருக்கு."